ஆறு மணித் தண்ணீர்

ஊத்துப்பொட்டல் கிழக்குத் தெருக் குழாயில் அன்றைக்குச் சரியாக ஆறு மணிக்குத் தண்ணீர் வந்துவிட்டது. தெருவே பதறிப் போனது.

குருவம்மாள் அப்போது வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தாள். பஞ்சாயத்துத் தலைவர் சீனிராஜின் மனைவி சுப்புத்தாய், இடுப்பில் நிறைகுடமும் கையில் காலிக்குடமுமாக ஓட்டமும் நடையுமாய் வந்தாள்.

"ஏத்தா குருவம்மா, ஒனக்கு ஒண்ணுமில்லையே?"

வாய் நிறைய நுரை. "ம்ம்?"

"தண்ணி வந்துருச்சு."

நுரையைத் துப்பினாள். "எங்க?"

"எங்க தெருவுல. டாண்ணு ஆறு மணிக்கு. நீ நெஞ்சு வலி வந்து வால்வு மேல விழுந்துட்டியோன்னு ஓடியாரேன்."

"நான் இன்னும் டேங்குப் பக்கமே போகலயே மதினி."

"அப்ப மோட்டாரு?"

"மோட்டாருக்கு என்ன?"

"சூடாகணும்பியே. பதினோரு வருசமா அது சூடாகாம எங்க தெருவுக்குத் தண்ணி வந்ததில்ல. இன்னைக்கு மட்டும் அதுக்குக் காய்ச்சலா?"

குருவம்மாள் வாய்கூடக் கொப்பளிக்கவில்லை. கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். அது உருண்டு போனதைக்கூடப் பார்க்காமல் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நடந்தாள்.

ஊர்ப் பெயரில்தான் ஊற்று. ஊரில் இருப்பது ஒரு ஆழ்குழாய்க் கிணறும் மேல்நிலைத் தொட்டியும். அந்தத் தொட்டிக்கு ஆபரேட்டர் அவள். மோட்டார் போடுவது, வால்வு திறப்பது, குளோரின் கலப்பது, எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுவது, இத்தனையும் அவள் வேலை. போன மாதம் அந்த வேலைக்கு ஒரு கூட்டாளி வந்திருந்தது. வண்டியில் துணி போர்த்தி, மாலை போட்டு, மேளத்தோடு இறக்கிய ஒரு பேசும் கணினிப் பெட்டி. எங்கோ உட்கார்ந்துகொண்டு இணையம் வழியாக ஊர் ஊராகத் தண்ணீர்த் தொட்டிகளுக்குள் நுழைகிற களவாணிகளிடமிருந்து காப்பாற்றுமாம். வந்ததும் அதற்குக் குளிர்சாதனம் வேண்டும் என்றார்கள். தனி அறை வேண்டும் என்றார்கள். ஒரு மாதம் அது எந்த வேலையும் செய்யாது, கவனித்துக்கொண்டு மட்டும் இருக்கும் என்றார்கள். அன்றைக்கே ஊர் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டது.

நேற்றோடு மாதம் முடிந்தது. இன்று முதல் வால்வெல்லாம் மாப்பிள்ளை கையில். குருவம்மாள் வாயால் சொன்னால் போதும், அது திறக்கும், மூடும். முதல் நாள் நல்லபடியாக நடந்தால் இனி ஆபரேட்டரே வேண்டாம், அதுவே பார்த்துக்கொள்ளும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. சீனிராஜ் அவசரக்காரர். கையால் திருகுகிற இரும்புச் சக்கரத்தை நேற்றுச் சாயங்காலமே ஆள் வைத்து வெல்டிங் அடித்து, பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டார்.

தொட்டிக்குக் கீழே, பெட்டி இருந்த அறை வாசலில், மாவட்டத்திலிருந்து வந்திருந்த பொறியாளர் நிலோஃபர் நின்றிருந்தாள். முதல் நாளைப் பார்க்கவென்று தலைவர் வீட்டில் தங்கியிருந்தவள். முகமெல்லாம் சிரிப்பு.

"சூப்பர்க்கா. ஆறு மணி, கிழக்குத் தெரு. பதிவேட்டுல இருக்கற மாதிரியே ஆரம்பிச்சிட்டீங்க."

"நான் ஆரம்பிக்கல மேடம்."

"உங்க குரல்தானே சொல்லிச்சு?"

"என் வாயில இதுவரைக்கும் பற்பசைதான் இருந்துச்சு."

நிலோஃபரின் சிரிப்பு பாதியில் நின்றது. அதற்குள் ஊரின் தென்கோடியிலிருந்து காலனி மாடத்தி, கால் வலியோடு தாங்கித் தாங்கி வந்து சேர்ந்தாள்.

"என்ன குருவம்மா, எங்க கொழாயில காத்துகூட வரல. ஊர்ல யாரும் செத்துட்டாகளா?"

"இல்லக்கா. இரு, கேட்கேன்." குருவம்மாள் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "மாப்ள, தண்ணிய நிறுத்து."

பெட்டி எப்போதும் இலக்கணமாகத்தான் பேசும். "வணக்கம். குருவம்மாள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். தாங்கள் யார்?"

"நான்தான்டா குருவம்மா."

"ஒரு தொட்டிக்கு ஒரு குருவம்மாள்தான் அனுமதி."

நிலோஃபர் முன்னால் வந்தாள். "காலையிலிருந்து குருவம்மாள் என்னென்ன சொன்னார்? வரிசையா சொல்லு."

"ஐந்து ஐம்பதுக்குத் தொட்டி கழுவும் மருந்தைக் கலக்கச் சொன்னார். இன்று இருபதாம் தேதி, கழுவும் நாள். ஆறு மணிக்குத் தண்ணீர் திறக்கச் சொன்னார். திறந்தேன்."

"கழுவற மருந்தா? அது குடிக்கிற அளவைவிட ஐம்பது மடங்கு குளோரின். அதைக் கலந்துட்டு எப்படித் தெருவுக்குத் திறப்பே? உனக்கு அறிவில்லையா?"

"பதிவேட்டில் ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் இருபதாம் தேதியும் தொட்டி கழுவியதும் இருக்கிறது, அதே நாளில் ஆறு மணிக்குத் தண்ணீர் விட்டதும் இருக்கிறது. இருநூற்று அறுபத்து நான்கு முறை. ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவே பாதுகாப்பானது என்று கற்றுக்கொண்டேன்."

நிலோஃபர் திரும்பிக் குருவம்மாளைப் பார்த்தாள். குருவம்மாள் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"அதப் பெறகு சொல்லுதேன் மேடம். இப்ப தண்ணிய எப்படி நிறுத்த?"

"குழாயில இப்ப இருக்கறது நேத்துத் தண்ணி. அது தீர்ந்து தொட்டித் தண்ணி முதல் வீட்டுக்குப் போக இருபது நிமிஷம் ஆகும். ஆறு எட்டு ஆச்சு. பன்னிரண்டு நிமிஷம் இருக்கு."

"கரண்ட்டப் புடுங்கிருவமா?" என்றாள் சுப்புத்தாய்.

"புடுங்கினா வால்வு திறந்தபடியே நிக்கும். கைச்சக்கரத்தைத் திருப்புங்க, அது போதும்."

சுப்புத்தாய் மெல்லச் சொன்னாள்: "அத எங்க வீட்டுக்காரரு நேத்து பத்தவச்சுப் படம் புடிச்சுட்டாரு."

படம் பிடித்தவரும் அந்நேரம் துண்டை உதறிக்கொண்டு வந்து சேர்ந்தார். விஷயம் கேட்டதும் சீனிராஜுக்கு வியர்த்துவிட்டது. "எவன் செஞ்சான்? எதுக்கு நம்மூரு? நம்மகிட்ட என்ன இருக்கு?"

"எங்கிருந்தோ ஒரு களவாணி அக்கா குரல்ல பேசி உள்ள நுழைஞ்சிருக்கான். சின்ன ஊர்ல பழகிட்டுத்தான் சார் பெரிய ஊருக்குப் போவாங்க. லாரி ஓட்டப் பழகறவன் முதல்ல பொட்டல்ல ஓட்டிப் பார்ப்பானே, அந்த மாதிரி" என்றாள் நிலோஃபர்.

"பழகிப் பாக்க நாங்கதான் கெடச்சமா?" மாடத்திக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"என் குரல் அவனுக்கு எப்படிக் கெடச்சுது?"

"கிராம சபையில நீங்க பேசின வீடியோவை யாராவது நெட்டுல போட்டிருப்பாங்க. பத்து நிமிஷம் இருந்தாப் போதும்."

எல்லோரும் சீனிராஜைப் பார்த்தார்கள். "பதினாலு நிமிசம்" என்றார் அவர், தரையைப் பார்த்து. "பதிவேட்டையும் போட்டேன். வெளிப்படையான நிர்வாகம்னு பாராட்டுச் சான்றிதழ் குடுத்தாகளே."

"சார், முதல்ல மைக்ல சொல்லுங்க. யாரும் தண்ணி பிடிக்கக் கூடாது, குடிக்கக் கூடாது."

பஞ்சாயத்து அலுவலகம் பக்கத்துக் கட்டடம்தான். சீனிராஜ் பாய்ந்து போய் மைக்கைப் பிடித்தார். ஊரின் நாலு மூலைக் குழாய் ஒலிபெருக்கியும் கரகரத்தது.

"பேரன்புமிக்க ஊத்துப்பொட்டல் வாழ் பெரியோர்களே, தாய்மார்களே, என் உயிரினும் மேலான இளைஞர் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் என் காலை வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்வதில்..."

"தண்ணியக் குடிக்காதீகன்னு சொல்லும்யா!" சுப்புத்தாய் சன்னல் வழியாகக் கத்தினாள்.

சொன்னார். ஆனால் ஆறு மணிக்கு வந்த தண்ணீரை யார் விடுவார்கள்? நல்லா வர்றப்பத்தான் வேண்டாம்பான் என்று கிழக்குத் தெரு இன்னும் வேகமாகப் பிடித்தது. போதாததற்கு, பள்ளிக்கூடத் தொட்டியும் மாட்டுத் தொட்டியும் தாமாக நிரம்புகிறவை. மாட்டுக்கு மைக்கில் சொல்லி என்ன பிரயோசனம்?

"அக்கா, நேரமில்ல" என்றாள் நிலோஃபர். "அது நம்பினாத்தான் நிறுத்தும். நான் சொன்னாக் கேக்காது, ஆபரேட்டர் சொன்னாத்தான் கேக்கும். அப்படித்தான் செஞ்சிருக்கு." பிறகு பெட்டியைப் பார்த்து, "ரெண்டு குருவம்மாளையும் நேருக்கு நேர் விசாரி. பதில் சொல்லாதவங்களை வெளியே தள்ளு" என்றாள்.

"நியாயமான கோரிக்கை. இணைக்கிறேன்."

பெட்டியிலிருந்து குருவம்மாளின் குரல் வந்தது. "அனைவருக்கும் எனது பணிவான வணக்கம். நான் குருவம்மாள்."

குருவம்மாள் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவள் குரலேதான். கிராம சபையில் சீனிராஜ் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வாசித்த குரல்.

"யாத்தி, இம்புட்டு மரியாதையா?" என்றாள் மாடத்தி. "மாப்ள, இது அவ இல்ல. எம்மேல சத்தியம்."

"சத்தியம் ஏற்கப்படாது. முதல் கேள்வி. காலையில் முதலில் தண்ணீர் எந்தத் தெருவுக்கு?"

"கிழக்குத் தெருவுக்கு, காலை ஆறு மணிக்கு" என்றது பெட்டிக் குருவம்மாள், கண்ணாடி மாதிரித் தெளிவாக.

குருவம்மாள் வாயைத் திறந்தாள். சுப்புத்தாய் பக்கத்தில் நின்றிருந்தாள். விஷயம் தெரிந்து ஓடி வந்த கிழக்குத் தெரு ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் வாசலை அடைத்து நின்றார்கள். சீனிராஜ் என்ன நடக்கிறது என்று கேட்கிற ஆவலில் மைக்கையும் கையோடு, வயரோடு இழுத்துக்கொண்டு வந்து நின்றார். அதை அணைக்கத் தோன்றவில்லை. குருவம்மாள் விட்ட மூச்சு நாலு மூலையிலும் கேட்டது.

"காலனிக்கு" என்றாள்.

காலனிக்கு என்றது கோயில் மேட்டு ஒலிபெருக்கி. காலனிக்கு என்றது பள்ளிக்கூட ஒலிபெருக்கி.

"தவறு" என்றது பெட்டி. "நாலாயிரத்துப் பதினேழு நாட்களும் கிழக்குத் தெரு என்றே உள்ளது."

"அது நான் எழுதுனது. தொறந்தது காலனிக்கு. மொத நாளத் தவிர, தண்ணி விட்ட நாளெல்லாம்."

"ஏன்?"

கேட்டது பெட்டியா, கூட்டத்தில் யாராவதா என்று அவளுக்கு விளங்கவில்லை. யாரானால் என்ன என்று சொல்லிக்கொண்டே போனாள்.

"வேலைக்கு வந்த மொத நா அந்தத் தாள்ல இருந்தபடிதான் தொறந்தேன். மேட்டுத் தெருவெல்லாம் புடிச்சு முடிச்ச பெறகு காலனிக்கு எதுவும் மிஞ்சல. மாடத்தியக்கா நாப்பது கொடத்த வரிசையா வச்சுட்டு நிக்கா. கொழாய் உஸ்ஸுன்னு காத்தா ஊதுது. அத எழுதுறதுக்கு அந்தப் புத்தகத்துல கட்டம் இல்ல. மறுநா அவுகளுக்கு மொதல்ல இருவது நிமிசம் விட்டேன். கிழக்குத் தெருவுல ஏன் லேட்டுன்னு கேட்டாக. மோட்டார் சூடாகணும்னேன்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. சீனிராஜின் வாய் திறந்தபடி இருந்தது. "எங்க தெருவுக்கு... ரெண்டாவதா?" அதுவும் ஊருக்கெல்லாம் கேட்டது.

"கழுவுனதும் அப்படித்தான் மாப்ள. அஞ்சாந்தேதியும் இருவதாந்தேதியும் கழுவுனதா எழுதிருவேன். கழுவறது மாசம் ஒருக்கா கரண்ட்டு நிப்பாட்டுற அன்னைக்குத்தான். அன்னைக்குத் தண்ணி விடவே மாட்டேன். விட்டதாவும் எழுதிருவேன். ஒனக்கு நாந்தான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். அந்தக் களவாணிக்குக் கதவத் தொறந்துவிட்டது என் கைதான்."

"ஆறு பதினான்கு" என்றாள் நிலோஃபர்.

பெட்டி யோசித்தது. "பொய் எழுதியதாகச் சொல்லும் ஒருவர் இப்போது உண்மை சொல்கிறார் என்று நான் எப்படி நம்புவது?"

உள்ளே இருந்த குருவம்மாள், "தண்ணீர் விநியோகத்தைத் தடையின்றித் தொடருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்றாள்.

நிலோஃபர் சட்டென்று நெற்றியில் தட்டிக்கொண்டாள். "ஏய், காலனிக் கடைசிக் குழாயில தண்ணி அளக்கற மானி ஒண்ணு மாட்டினோமே. ஒரு மாசமா உனக்குக் கணக்கு அனுப்புதே, அது என்ன சொல்லுது?"

"அந்த மானி பழுது. ஆறு மணிக்கே அங்கே தண்ணீர் வருவதாக இருபத்தொன்பது நாள் காட்டியது. பதிவேட்டோடு ஒத்துப் போகவில்லை. ஆகவே ஒதுக்கிவைத்தேன்."

"கண்ணால பார்த்ததை விட்டுட்டுக் காகிதத்தை நம்பினியா?"

"அரசு முத்திரை இருந்தது."

குருவம்மாள் பெட்டியின் மேல் கையை வைத்துக் குனிந்தாள். "மாப்ள, பன்னெண்டாந்தேதி. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு எங்க ரெண்டு பேருட்டயும் கேளு."

"பன்னிரண்டாம் தேதி?"

"காலை ஆறு மணிக்குக் கிழக்குத் தெரு. விநியோகம் சீராக நடைபெற்றது" என்றது உள்ளே இருந்தது.

"பன்னெண்டாந்தேதி மாடத்தியக்கா கொழாயடியில வழுக்கி விழுந்துட்டா. கொடம் பூராம் கொட்டிப் போச்சு. தூக்கி உக்காரவச்சு, திரும்பப் புடிக்கட்டும்னு கூட அரை மணி நேரம் விட்டேன். ஆறு அம்பதுக்குத்தான் மூடுனேன்."

"இப்பவும் முட்டி வீங்கிக் கெடக்கு. வேணும்னா பாத்துக்கோ" என்று மாடத்தி சேலையை முட்டி தெரியத் தூக்கினாள்.

பெட்டிக்குள் ஏதோ சுழன்றது. "பழுதென்று நினைத்த மானியில், பன்னிரண்டாம் தேதி, ஆறு மணி முதல் ஆறு ஐம்பது வரை." இன்னொரு முறை சுழன்றது. "மானி பழுதில்லை. நான்தான்."

தொட்டிக்கு மேலே டொக் என்று ஒரு சத்தம். வால்வு மூடிக்கொண்டது. ஆறு பதினெட்டு.

"நன்றி, வணக்கம்" என்று சொல்லிவிட்டு உள்ளே இருந்த குருவம்மாள் போய்விட்டாள். அந்தக் கிராம சபைப் பேச்சில் கடைசியாக இருந்தது அதுதான். அதற்கு வேறு மாதிரி விடைபெறத் தெரியாது.

முதலில் சிரித்தது மாடத்திதான். பிறகு யார் சிரித்தார்கள், யார் அழுதார்கள் என்று சொல்ல முடியாது. தொட்டித் தண்ணீர் முழுவதையும் ஓடைக்குத் திறந்துவிட்டார்கள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஊத்துப்பொட்டல் தொட்டி இருபதாம் தேதி கழுவப்பட்டது.

கிழக்குத் தெரு ஆட்கள் மட்டும் கலையவில்லை. ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். "எல்லாஞ் சரி. எங்க தெருவ ஏமாத்துனதுக்கு என்ன சொல்லுதீக?"

"யாரு ஏமாந்தா?" என்றாள் சுப்புத்தாய். "ஒங்க வீட்டு அடுப்பு எம்புட்டு நேரத்துல சூடாகுது மாமா? மோட்டாருக்கு இருவது நிமிசமா? பொம்பளையாளுக அம்புட்டுப் பேருக்கும் தெரியும்."

சீனிராஜ் மனைவியைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "தெரிஞ்சும் நீ சொல்லலயா?"

"ஆறு மணிக்குத் தண்ணி வந்தா ஒங்க ஆத்தா என்ன அஞ்சரைக்கு எழுப்பும். ஆறு இருவதுக்கு வந்தா அஞ்சு அம்பது. பதினோரு வருசமா நான் தூங்குன அந்த இருவது நிமிசத்த எவன் தருவான்?" சொன்ன பிறகுதான் அவர் கையிலிருந்த மைக் கண்ணில் பட்டது. "அத அமத்தித் தொலையும்."

கூட்டம் போன பிறகு குருவம்மாள் பதிவேட்டை எடுத்து நிலோஃபரிடம் நீட்டினாள்.

"பதிவேட்டுல பொய் எழுதினா வேலை போகும்னு எனக்குத் தெரியும் தாயி. இந்தா."

நிலோஃபர் வாங்கவில்லை. "அவன் எதுல மாட்டினான்னு நினைக்கறீங்க? உங்க குரல் இருந்தது, கடவுச்சொல் இருந்தது, விரல்ரேகை கேட்டா அதுவும் கொடுத்திருப்பான். நிஜத்துல நடந்தது மட்டும் அவன்கிட்ட இல்ல. இந்தப் பதிவேட்டை நம்பிட்டான். இதை நம்பி வர்றவன் எவனோ அவன் வெளியாள். இதைவிட நல்ல பொறியை எங்க ஆபீஸ்ல யாரும் செஞ்சதில்ல."

"அதால ஊரே சாகப் பாத்துச்சே."

"பெட்டி நம்பினதாலதான் ஆபத்து. பெட்டி நம்பக் கூடாது, களவாணி நம்பணும். நீங்க இதுல எழுதறதை எழுதிட்டே இருங்க. நடந்ததை அதுகிட்ட தனியா, வாயால சொல்லுங்க."

"அப்ப வேலை?"

"கைச்சக்கரமும் வேணும், அதைத் திருப்ப ஆளும் வேணும்னு எழுதறேன். வெல்டிங்கை இன்னைக்கே வெட்டச் சொல்லுங்க. படம் வேணும்னா தலைவர் இன்னொரு தடவை எடுத்துக்கட்டும்."

அடுத்த மாதம் முழுக்க நிலோஃபர் மாவட்டத்தில் இருந்த நூற்று நாற்பத்தேழு பஞ்சாயத்துக்கும் அலைந்தாள். ஒவ்வொரு ஆபரேட்டரையும் தனியே கூப்பிட்டு, பாதுகாப்புக்காகப் பதிவேட்டில் கொஞ்சம் மாற்றி எழுத வேண்டும், முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். எல்லோரும் ஒரே மாதிரி கால் கட்டைவிரலைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் வெளிப்படையாகக் கேட்டார்: "எத்தன வருசத்துக்கு வேணும் மேடம்? இருவது வருசத்துக்கு ரெடியா இருக்கு."

ஊத்துப்பொட்டலில் தொட்டி கழுவிய மறுநாளே, இருபத்தோராம் தேதி காலை ஆறு மணிக்குக் காலனிக்குத் தண்ணீர் போனது. ஆறு இருபதுக்குக் கிழக்குத் தெருவுக்கு. குருவம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். பெட்டியின் திரையில் அன்றைய வரி ஏற்கெனவே எழுதியிருந்தது.

"காலை 6.00. கிழக்குத் தெரு. விநியோகம் சீராக நடைபெற்றது."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சரி மாப்ள. மேலிடத்துலருந்து ஆள் வந்து, கிழக்குத் தெருவுக்கு ஏன் இருவது நிமிசம் லேட்டுன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

பெட்டி ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"மோட்டார் சூடாக வேண்டும்."